பித்தப்பைக் கல்லும் நாலு துளை ஆப்பரேஷனும்: சுங்கை சிப்புட் தம்பிக்கு

தம்பி கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். அம்மாவுக்கு 52 வயது, மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் செம்பனைப் பழம் பொறுக்குகிறார், இனிப்பு நீரும் (சர்க்கரை நோய்) உண்டு. பல மாதமாக கேஸ்ட்ரிக் என்று மாத்திரை சாப்பிட்டு வந்தவருக்கு இப்போது ஸ்கேனில் பித்தப்பை நிறையக் கல். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்த சர்ஜன், வயிற்றில் நாலு துளை போட்டுப் பையையே எடுத்துவிடலாம் என்கிறார். வீட்டிலோ ஆளுக்கொரு பேச்சு: கல்லை மட்டும் எடுத்தால் போதாதா, மூலிகையில் கரையாதா, பை போனால் சாப்பாடு எப்படிச் செரிக்கும், தோட்ட வேலைக்கு மறுபடியும் போக முடியுமா, வலியே இல்லாத பெரியம்மாவுக்கும் கல் இருக்கிறதாமே, அவரையும் கூடவே கூட்டிப் போய்விடலாமா.

நான் ஆப்பரேஷன் தியேட்டரில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். டாக்டர் இல்லை, அம்மாவின் ஸ்கேனைப் பார்க்கவும் இல்லை, அதனால் அம்மாவுக்கென்று முடிவு சொல்ல வேண்டியவர் அந்த சர்ஜன்தான். ஆனால் இந்த ஆப்பரேஷனை மேசைக்குப் பக்கத்திலேயே நின்று பார்த்துப் பழகிய அனுபவத்தில் சொல்கிறேன்: வலி வந்து வந்து போகிற பித்தப்பைக் கல்லுக்கு இதைவிட நல்ல வைத்தியம் இன்றைக்குக் கிடையாது. துளைக்குப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது தள்ளிப்போடுவதற்குத்தான், ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த கேஸ்ட்ரிக் விஷயம். நம் தோட்டப்புறத்தில் தொப்புளுக்கு மேலே எங்கே வலித்தாலும் அது கேஸ்ட்ரிக், இல்லையென்றால் காற்று. கடையில் ஒரு வெள்ளை மருந்து வாங்கிக் குடித்துவிட்டு, வயிற்றில் தைலம் தேய்த்துப் படுத்துவிடுவோம். பித்தப்பை வலிக்கு அதற்கென்று ஒரு குணம் உண்டு. நெஞ்சுக்குழியிலோ வலது விலா எலும்புக்குக் கீழேயோ தொடங்கும், கிடுகிடுவென்று ஏறி அரைமணி நேரத்திலிருந்து சில மணி நேரம் வரை அப்படியே நிற்கும், வலது தோள்பட்டைக்குப் பின்னால் போய்க் குத்தும், வாந்தி வரும், அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல் விட்டுவிடும். கல்யாண விருந்து சாப்பிட்ட இரவு, நாசி லெமாக்கும் ரெண்டாங்கும் சாப்பிட்ட இரவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் பல பேருக்குப் புரிந்துவிடும். எப்படிப் படுத்தாலும் எழுந்து நடந்தாலும் அடங்காது. இன்னொன்றையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு மாரடைப்பும் சில நேரம் இப்படித்தான் நெஞ்சுக்குழி வலியாக வரும், ஆகவே புதிதாக வியர்த்துக் கொட்டி மூச்சு வாங்கினால் ‘பித்தப்பைதானே’ என்று வீட்டில் இருக்க வேண்டாம், ஈசிஜி எடுக்கிற இடத்துக்கு உடனே போக வேண்டும்.

சரி, இந்தப் பை என்ன செய்கிறது? பித்தநீரைச் சுரப்பது கல்லீரல், நாள் ஒன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை. பித்தப்பை வெறும் சேமிப்புக் கிடங்கு, 30 முதல் 50 மில்லி வரை பிடிக்கும். பித்தநீரில் உள்ள தண்ணீரை உறிஞ்சிக் கெட்டியாக்கி வைத்துக்கொண்டு, கொழுப்பு உள்ளே போனதும் சுருங்கிக் குடலுக்குள் பீய்ச்சும். பித்தநீரில் கொலஸ்ட்ரால் அதிகமாகி, பையும் சரியாகச் சுருங்காமல் போனால் அது படிந்து படிந்து கல்லாகிறது. பெண்கள், நாற்பது தாண்டியவர்கள், பிள்ளை பெற்றவர்கள், உடம்பு பருத்தவர்கள், இனிப்பு நீர் உள்ளவர்கள் ஆகியோருக்கு இது அதிகம். பட்டினி கிடந்து கிடுகிடுவென்று இளைத்தவர்களுக்கும் வரும், அதைப் பலர் நம்பவே மாட்டார்கள்.

பையை எடுத்த பிறகும் கல்லீரல் அதன் பாட்டுக்குச் சுரந்துகொண்டுதான் இருக்கும். சேர்த்து வைத்துப் பீய்ச்சுவதற்குப் பதில் சொட்டுச் சொட்டாக நேராகக் குடலுக்குப் போகும், அவ்வளவுதான் வித்தியாசம். சாப்பாடு செரிக்கும். சிலருக்குக் கொஞ்ச நாள், குறிப்பாக எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டால், வயிறு இளகிப் போகும், பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். அப்படியும் நிற்காதவர்கள் சிலர் உண்டு, அதற்கு மருந்து இருக்கிறது, கிளினிக்கில் கேட்க வேண்டும்.

கல்லை மட்டும் எடுக்கலாமே என்கிறார்கள். 1882ல் பெர்லினில் கார்ல் லாங்கன்பூக் என்ற சர்ஜன் முதன்முதலாகப் பித்தப்பையை முழுதாக வெட்டி எடுத்தபோதே அவர் வைத்த வாதம் இதுதான்: கல்லை எடுத்துவிட்டுப் பையை விட்டுவைத்தால் அதே பை மறுபடியும் கல் கட்டும். அதற்கு முன்பு பையைக் கீறிக் கல்லை எடுத்துத் தைத்து அனுப்பிய நோயாளிகளுக்குத் திரும்பவும் கல் வந்தது. 140 வருடம் ஆன பிறகும் அந்த வாதம் அசையவில்லை.

மூலிகைக்கு வருவோம். நம் ஊரில் மிசாய் கூச்சிங் என்கிற பூனைமீசை இலையும் வாழைத்தண்டுச் சாறும் கல்லுக்கு நல்லது என்று யார் வேண்டுமானாலும் சொல்வார்கள், ஆனால் அவர்கள் சொல்வது சிறுநீரகக் கல். அது வேறு உறுப்பு, வேறு சரக்கு, வெளியே வருகிற பாதையும் வேறு. அப்புறம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிற அந்த ஆலிவ் எண்ணெய், எலுமிச்சைச் சாறு, ஆப்பிள் ஜூஸ் வைத்தியம். மறுநாள் கழிவறையில் பச்சை பச்சையாக உருண்டைகள் விழுந்ததைப் படம் எடுத்துப் போடுகிறார்களே, அவை கல்லே இல்லை, குடித்த எண்ணெய் குடலில் மாறி உண்டான சோப்புக் கட்டிகள். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் கல் இருந்த இடத்திலேயே இருக்கும். இதில் ஆபத்தும் உண்டு: அவ்வளவு எண்ணெயை ஒரே மூச்சில் குடித்தால் பை வேகமாகச் சுருங்கும், சின்னக் கல் ஒன்று குழாயில் போய்ச் சிக்கினால் அன்றைக்கு ராத்திரியே எமர்ஜென்சிதான். கரைக்கிற மாத்திரை ஒன்று நிஜமாகவே இருக்கிறது, உர்சோடியாக்சிகோலிக் அமிலம் என்று பெயர். சின்னதாக, கொலஸ்ட்ராலால் ஆன கல்லாக இருந்தால் மட்டும் கொஞ்சம் வேலை செய்யும், அதுவும் மாதக் கணக்கில், சிலருக்கு வருடக் கணக்கில் விழுங்கி, நிறுத்திய ஐந்து வருடத்துக்குள் ஏறக்குறைய பாதிப்பேருக்குத் திரும்பி வந்துவிடும். ஆப்பரேஷன் தாங்காத உடம்புக்கு அது சரி, தோட்டத்தில் மூட்டை தூக்குகிற அம்மாவுக்கு எதற்கு?

தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதுதான் முக்கியம். கல் பையின் வாயை அடைத்துக்கொண்டால் பை வீங்கிச் சீழ் கட்டும். கல் நழுவி பெரிய பித்தக்குழாயில் விழுந்தால் கண் மஞ்சளாகும், சிறுநீர் கறுக்கும், அதோடு நடுக்கமும் காய்ச்சலும் சேர்ந்தால் கிருமி ரத்தத்தில் ஏறுகிறது என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் கீழே போய்க் கணையத்தின் வாயை அடைத்தால் கணைய அழற்சி, அதில் உயிரையே விட்டவர்கள் உண்டு. இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு வீங்கிய பை அழுகிப் போகிற வாய்ப்பும் கூடுதல், வலி சில நேரம் குறைவாகவே தெரிவதால் வந்து சேர்வதற்குள் நேரம் கடந்துவிடும். வீக்கமில்லாத பையை நாள் குறித்து எடுப்பதற்கும், வீங்கி எல்லாவற்றோடும் ஒட்டிக்கொண்ட பையை நடுராத்திரியில் எடுப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை மேசைப் பக்கம் நிற்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். முதலாவதில் தியேட்டரில் பேச்சுச் சத்தம் கேட்கும், இரண்டாவதில் சர்ஜன் கருவி கேட்கிற சத்தம் மட்டும்தான்.

இப்போது ஆப்பரேஷனுக்கு வருகிறேன். முன்பெல்லாம் வலது விலாவுக்குக் கீழே ஒரு சாணுக்குக் கீறித் திறப்பார்கள். தசையை வெட்டுவதால் மூச்சை இழுத்தாலே வலிக்கும், ஒரு வாரம் வார்டில் கிடக்க வேண்டும். 1985 செப்டம்பரில் ஜெர்மனியில் எரிக் ம்யூஹே என்பவர் குழாய்க் கேமரா வைத்து முதன்முதலாகப் பித்தப்பையை எடுத்தார். அடுத்த வருடம் ஜெர்மன் சர்ஜன்கள் மாநாட்டில் அதைச் சொன்னபோது யாரும் மதிக்கவில்லை, கேலிதான் மிச்சம். 1987ல் பிரான்சில் லியோன் நகரத்து பிலிப் மூரே செய்ததும் பாரிஸ்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள், அதிலிருந்து நாலைந்து வருடத்துக்குள் உலகம் முழுக்க இதுவே வழக்கமாகிவிட்டது. ஆக இது நேற்று வந்த புது முறையும் இல்லை, அம்மாவை வைத்துப் பழகிப் பார்க்கவும் போவதில்லை.

முழு மயக்கம் கொடுப்பார்கள், அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. தொப்புளில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் துளை போட்டு கார்பன் டை ஆக்சைடு வாயுவை உள்ளே விடுவார்கள், வயிற்றுச் சுவர் கூடாரத் துணி மாதிரி மேலே எழும்பி நிற்கும், அப்போதுதான் உள்ளே வேலை செய்ய இடம் கிடைக்கும். அந்தத் துளை வழியாகக் கேமரா போகும். நெஞ்சுக்குழிக்குக் கீழே இன்னொன்று, வலது பக்கம் அரை சென்டிமீட்டரில் இரண்டு. தலைப்பக்கம் மேசையை உயர்த்தி உடம்பை இடது பக்கம் சாய்ப்பார்கள், குடல் எல்லாம் தானாகவே கீழே விலகிவிடும். திரையில் கல்லீரலுக்கு அடியிலிருந்து பை எட்டிப் பார்க்கும், நல்ல பையாக இருந்தால் நீலம் கலந்த பச்சை நிறம், மெல்லிய சுவர். கெட்ட பை சிவந்து தடித்துக் கொழுப்புத் திரையால் மூடிக்கொண்டிருக்கும், முதலில் அதை மெதுவாக உரிக்கவே நேரம் போகும்.

சர்ஜனின் திறமை எல்லாம் இதற்கு அடுத்த கட்டத்தில்தான். பைக்குள் போவது இரண்டே இரண்டு: ஒரு சின்னக் குழாய், ஒரு ரத்தக்குழாய். அந்த இரண்டையும் சுற்றியுள்ள கொழுப்பைச் சுத்தமாக நீக்கி, முன்பக்கம் பின்பக்கம் இரண்டிலும் திருப்பிப் பார்த்து, வேறு எதுவும் இல்லை என்று கண்ணால் உறுதி செய்யாமல் எதையும் வெட்டக் கூடாது. 1995ல் ஸ்ட்ராஸ்பெர்க் என்ற அமெரிக்க சர்ஜன் வகுத்த விதி இது, இன்றைக்கும் இதுதான் வேதம். ஏனென்றால் பக்கத்திலேயே பெரிய பித்தக்குழாய் ஓடுகிறது, அதைச் சின்னக்குழாய் என்று நினைத்து வெட்டிவிட்டால் அது பெரிய விபத்து, மறுபடியும் பெரிய ஆப்பரேஷன் தேவைப்படும். ஆயிரம் பேரில் மூன்று முதல் ஐந்து பேருக்கு இந்தக் குழாயில் காயம் படுகிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. குறைவுதான், ஆனால் சைன் பண்ணச் சொல்லும் தாளில் அது எழுதியிருப்பதற்குக் காரணம் உண்டு, படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம், மலாயில் எழுதியிருப்பது புரியவில்லை என்றால் தமிழ் தெரிந்த தாதியைக் கூப்பிட்டு விளக்கச் சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அப்புறம் டைட்டானியம் கிளிப் போட்டு இரண்டையும் வெட்டி, பையைக் கல்லீரலிலிருந்து பிரித்து, ஒரு சின்ன உறைக்குள் போட்டுத் தொப்புள் வழியாக இழுத்து எடுத்துவிடுவார்கள். கிளிப் உள்ளேயே இருந்துவிடும், பிற்காலத்தில் எம்ஆர்ஐ எடுக்க அது தடையில்லை. சிக்கல் இல்லாவிட்டால் ஒரு மணி நேரம், கொஞ்சம் முன்னே பின்னே.

நடுவில் சர்ஜன் துளை முறையை விட்டுவிட்டு வயிற்றைத் திறக்க வேண்டி வரலாம். நாள் குறித்துச் செய்யும் ஆப்பரேஷனில் நூற்றில் ஐந்து பேருக்கு அப்படி ஆகும், வீங்கிய பையில் அதைவிட அதிகம். வெளியே காத்திருக்கிற குடும்பம் இதைக் கேட்டதும் ‘டாக்டர் கெடுத்துவிட்டார்’ என்று முணுமுணுப்பதைப் பல தடவை கேட்டிருக்கிறேன், எனக்கு எரிச்சலாக வரும். பித்தக்குழாய் எது, ரத்தக்குழாய் எது என்று தெளிவாகத் தெரியாதபோது தைரியமாக வெட்டுகிறவரைவிட, நிறுத்தித் திறந்து பார்க்கிறவரிடம்தான் என் வீட்டு ஆளை நான் ஒப்படைப்பேன். சிலருக்குப் பையின் அடிப்பகுதியைத் தொடாமல் மேல்பாகத்தை மட்டும் எடுத்துவிட்டு வருவார்கள், அதுவும் குழாயைக் காப்பாற்றத்தான்.

ஆப்பரேஷனுக்கு முன் ரத்தச் சோதனையில் மஞ்சள் காமாலை எண் கூடியிருந்தால் குழாயிலும் கல் இருக்கலாம், அப்போது வாய் வழியாக வளையும் குழாய் விட்டு ஈஆர்சிபி என்ற முறையில் முதலில் அந்தக் கல்லை எடுப்பார்கள். சர்ஜனிடம் ‘குழாயில் கல் இல்லை என்று பார்த்துவிட்டீர்களா’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள், நல்ல கேள்வி. இனிப்பு நீர் மாத்திரையில் எதை எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்பது மாத்திரைக்கு மாத்திரை மாறும், எல்லா மாத்திரை உறையையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். ஜாமு (மலாய் மூலிகை மருந்து) குடிக்கிறார் என்றால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், சிலவற்றில் ரத்தம் உறைவதைத் தடுக்கும் சரக்கு இருக்கும்.

தாலி விஷயம் ஒன்று. தியேட்டரில் மின்சாரத்தால் சுடும் கருவி உண்டு, அதனால் உடம்பில் உலோகம் இருக்கக் கூடாது என்பார்கள். நம் அம்மாக்கள் அங்கே ட்ராலியில் படுத்துக்கொண்டு தாலியைக் கழற்ற மாட்டேன் என்று அழுவார்கள், ரத்த அழுத்தம் ஏறும், ஆப்பரேஷன் தள்ளிப் போகும். முதல் நாளே வீட்டில் தங்கத்தைக் கழற்றி வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிப் போட்டு அனுப்புங்கள், கயிற்றை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. விரல் நுனியில் மருதாணியும் நகப்பூச்சும் வேண்டாம், ஆக்சிஜன் பார்க்கும் கிளிப் அங்கேதான் மாட்டும். தொப்புளை நன்றாகச் சுத்தம் செய்து அனுப்புங்கள், சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்கிறேன், பெரிய துளை அங்கேதான் விழுகிறது, எங்கள் பாதி நேரம் பஞ்சும் எண்ணெயும் வைத்து அதைத் துடைப்பதிலேயே போகும்.

எழுந்ததும் அம்மா வயிற்றைவிட வலது தோள்பட்டை வலிக்கிறது என்பார். பயப்படாதீர்கள், மிச்சமிருக்கும் வாயு உதரவிதானத்தை உரசுவதால் வருவது, இரண்டு மூன்று நாளில் போய்விடும், நடந்தால் சீக்கிரம் போகும். பெரும்பாலோர் அன்றைக்கோ மறுநாளோ வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள், இனிப்பு நீர் இருப்பதால் அம்மாவை ஒரு நாள் கூடுதலாக வைத்துப் பார்க்கலாம். கஞ்சி, இட்லி என்று தொடங்கி ஒரு வாரத்தில் வழக்கமான சாப்பாடு. பத்தியம் என்று ஒரு மாதம் வெறும் ரசம் சாதம் கொடுத்து உடம்பை இளைக்க வைக்காதீர்கள், புண் ஆற புரதம் வேண்டும், மீனும் முட்டையும் தாராளமாகக் கொடுக்கலாம். காய்ச்சல், கண் மஞ்சள், வயிறு உப்பிக்கொண்டே போவது, நாளுக்கு நாள் கூடுகிற வலி, இதில் எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போக வேண்டும்.

வேலைக்கு எப்போது? ஆபீஸில் உட்கார்கிறவர் ஒன்றிரண்டு வாரத்தில் போகலாம். அம்மா குனிந்து பழம் பொறுக்கி மூட்டை தூக்குகிறவர், அவருக்கு நாலு முதல் ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது, தூக்கினால் தொப்புள் துளையில் குடல் இறக்கம் வரலாம். எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு) எழுதும் டாக்டரிடம் ‘வீட்டில் இருக்கிறார்’ என்று பொதுவாகச் சொல்லாமல், தோட்ட வேலை, இத்தனை கிலோ மூட்டை என்று விளக்கமாகச் சொல்லுங்கள், அதைப் பொறுத்துத்தான் நாள் எழுதுவார். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் ஆஸ்பத்திரி விடுப்பு வருடத்துக்கு 60 நாள் சம்பளத்தோடு உண்டு, 2023 ஜனவரியிலிருந்து அது சாதாரண எம்சி நாளில் கழிக்கப்படாமல் தனிக் கணக்கு. பெரட்டில் (காலையில் ஆள் கணக்கெடுக்கும்போது) பெயர் விட்டுப்போகுமே என்று மூன்றாம் வாரமே செம்பனைக்காட்டுக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணியிடம் சட்டத்தைச் சொல்லிக் கேளுங்கள், அது அம்மாவின் உரிமை.

செலவு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் வீட்டில் யாராவது பிரைவேட்டுக்குப் போகலாம் என்று கிளப்புவார்கள். அரசாங்கத்தில் நம் குடிமக்களுக்கு ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்கில் ஐந்து வெள்ளிதான் (ரிங்கிட்), வார்டும் அற்பத் தொகை. பிரைவேட்டில் பொதுவாக பத்தாயிரம் வெள்ளியைத் தாண்டும். அரசாங்கத்தில் உள்ள குறை காத்திருப்பு, மாதக் கணக்கில் ஆகலாம். அதுவரை தேங்காய்ப்பால், பொரித்தது, ரொட்டி சானாய் இவற்றைக் குறைத்து வேளாவேளைக்கு அளவாகச் சாப்பிட வேண்டும். புரட்டாசி சைவம் என்று சொல்லிக்கொண்டு நாள் முழுக்க வடையும் பூரியும் சாப்பிடுவது பித்தப்பைக்கு விரதம் ஆகாது, நாள் கணக்கில் பட்டினி கிடப்பதும் கூடாது. இடையில் வலி அடிக்கடி வந்தால் அப்பாயின்ட்மென்ட் கார்டில் உள்ள நம்பருக்கு அழைத்துத் தேதியை முன்னால் கேட்கலாம். காய்ச்சலோடு வலி வந்து விடாமல் நின்றால் நேராக எமர்ஜென்சி, அன்றைக்கு அட்மிட் செய்து ஒரு வாரத்துக்குள்ளேயே பையை எடுத்துவிடுவதுதான் இப்போதைய வழக்கம்.

கடைசியாகப் பெரியம்மா. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கப் போய்க் கல் தெரிந்தது, வலியே கிடையாது என்றால் அவரை விட்டுவிடுங்கள். கல் இருப்பவர்களில் பெரும்பாலோருக்குத் தொல்லையே வருவதில்லை, வலி தொடங்குகிறவர்கள் வருடத்துக்கு நூற்றில் ஒன்று முதல் நாலு பேர்தான். ஆப்பரேஷனுக்கும் மயக்க மருந்துக்கும் உள்ள ஆபத்தைச் சும்மா இருக்கிற கல்லுக்காக ஏன் ஏற்க வேண்டும்? பைச் சுவரில் சுண்ணாம்பு படிந்திருக்கிறது, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் சதை வளர்ந்திருக்கிறது, மூன்று சென்டிமீட்டர் அளவுக்குப் பெரிய கல் என்று ரிப்போர்ட்டில் எழுதியிருந்தால் மட்டும் பேச்சு வேறு, அப்போது சர்ஜனிடம் காட்டட்டும். ரிப்போர்ட்டை எடுத்து அந்த மூன்றில் ஏதாவது ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள் தம்பி, இல்லையென்றால் அம்மாவின் தேதியில் பெரியம்மா வார்டுக்குத் துணைக்கு மட்டும் வந்தால் போதும்.